கொள்ளுப்பிட்டியில் காணாமல் போன ஒரு வளவு

கனடாவில் இருக்கிற மச்சான் கொழும்பில் ஒரு துண்டுக் காணி வாங்கவேண்டும் என்று வந்து நின்றார். எட்டுப் பேர்ச்சஸ், கொள்ளுப்பிட்டி, பகதலே வீதிப் பக்கம். வெள்ளவத்தையில் வாங்குங்கோ, நம்மட சனம் இருக்கு, கோயில் இருக்கு, கடை இருக்கு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி என்று உறுதிகளின் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு வயதான நொத்தாரிசிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, இந்தப் பக்கத்துக் காணி எதை எடுத்தாலும் பின்னுக்குப் பின்னுக்குப் போனால் கடைசியில் ஒரே வீட்டு வாசலில்தான் போய் நிக்கும்” என்றார். எந்த வீடு ஐயா என்று கேட்டேன். “அல்பிரட் ஹவுஸ். இப்ப இல்லை.”

மச்சான் காணியை வாங்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்த “இப்ப இல்லை” எனக்குள் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய வீடு ஒன்று எப்படி இல்லாமல் போகும்? எரிந்ததா, குண்டு விழுந்ததா, அரசாங்கம் பிடுங்கியதா? 1958, 1983 கலவரங்கள் எல்லாம் பார்த்த ஊர் என்பதால் வீடு ஒன்று காணாமல் போனது என்றால் நம் மனசு முதலில் நெருப்பைத்தான் நினைக்கும். இங்கே நெருப்பு இல்லை. நெருப்பில்லாமலே ஒரு வீடு எப்படிக் கரைந்தது என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப்போகிறேன்.

முதலில் ஒரு சொல். நமக்கு வளவு என்றால் வீட்டைச் சுற்றியிருக்கிற நிலம். கிணறு, தென்னை, மா, வேலி எல்லாம் சேர்ந்தது. சிங்களத்தில் ‘வளவ்வ’ என்றால் முதலிமார், அதாவது அரசாங்கம் பட்டம் கொடுத்த உள்ளூர்த் தலைவர்கள், குடியிருந்த பெரிய வீடு. இரண்டும் ஒரே சொல்தான் என்று சொல்பவர்கள் உண்டு, கேட்டால் அப்படித்தான் தோன்றுகிறது. நாம் நிலத்தைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அல்பிரட் ஹவுஸின் கதையும் அப்படித்தான்: சிங்கள அர்த்தத்து வளவு போய்விட்டது, தமிழ் அர்த்தத்து வளவு துண்டுதுண்டாக இன்னமும் அங்கேயே கிடக்கிறது.

முதல் சொந்தக்காரர்

வீட்டின் முதல் பெயர் பகதெல். பிரெஞ்சுச் சொல், அற்ப விஷயம், விளையாட்டுச் சாமான் என்று பொருள். கட்டியவர் சார்ல்ஸ் எட்வர்ட் லயார்ட் என்ற ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி, ஆண்டு 1822. தென்னையும் கறுவாவும் நின்ற தோட்டம், ஏறத்தாழ 120 ஏக்கர் என்று சொல்வார்கள். 120 ஏக்கரை அற்பம் என்று கூப்பிட எவ்வளவு மனத்துணிவு வேண்டும் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்று போட்டால் 19,200 பேர்ச்சஸ். மச்சான் கேட்ட மாதிரி எட்டு எட்டாக வெட்டினால், வீதிக்கு விடுகிறதைக் கணக்கில் எடுக்காமல், 2,400 துண்டு.

லயார்டைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. அவர் கட்டிய பெண் பார்பரா பிரிட்ஜெட்டினா மூயார்ட், யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் குடும்பம். அவருடைய தகப்பன் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிர்வாகியாக இருந்தவர். வெள்ளைக்காரர் வந்து ஒல்லாந்தரைத் துரத்திய கையோடு அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்வதும் அந்தக் காலத்தில் நடந்தது. இந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இருபத்தாறு. எழுத்துப் பிழை இல்லை, இருபத்தாறுதான். அதற்குப் பிறகு அந்த வீடு ஏன் பெரிதாக இருந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

அந்த இருபத்தாறில் ஒருவர் சார்ல்ஸ் பீட்டர் லயார்ட். 1866இல் கொழும்பு மாநகர சபை தொடங்கியபோது முதல் மேயர் அவர்தான். கிராண்ட்பாஸ் பக்கம் லயார்ட்ஸ் புரோட்வே என்று ஒரு வீதி இருக்கிறதே, அந்தக் குடும்பப் பெயர்தான். ஈராக்கில் நினிவே நகரத்தைத் தோண்டியெடுத்த ஒஸ்டன் ஹென்றி லயார்ட் இதே குடும்பத்துப் பையன், சித்தப்பா பெரியப்பா முறை. மண்ணுக்குள் புதைந்துபோன அரண்மனைகளைத் தேடிக் கண்டுபிடித்தவரின் உறவுக்காரர் கட்டிய அரண்மனை, கொழும்பு நடுவில், மண்ணுக்கு மேலேயே காணாமல் போயிற்று.

சம்பளம் வாங்குகிற அதிகாரிக்கு இவ்வளவு நிலம் எப்படி? அந்தக் காலத்தில் தடை இருக்கவில்லை. தேசாதிபதி பார்ன்ஸே கண்ணொருவையில் கோப்பித் தோட்டம் போட்டவர். தேசாதிபதி போட்டால் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இருக்கிற அதிகாரியும் போடுவார், பட்டாளத்துக் கப்டனும் போடுவார். 1840களின் நடுவில்தான் சிவில் சேவைக்காரர்கள் தோட்டம் வைத்திருக்கக்கூடாது என்று ஒழுங்கு வந்தது. அதற்குள் நல்ல காணிகள் யார் யார் கைக்குப் போகவேண்டுமோ போய்விட்டன.

மொறட்டுவையிலிருந்து வந்தவர்கள்

அடுத்து வந்தவர்கள்தான் இந்தக் கதையின் நடு. மொறட்டுவை, டி சொய்சா குடும்பம். சிங்களவரில் உயர்சாதி என்று எண்ணப்பட்ட மேல்தட்டுக் கொவிகம முதலிமார் இவர்களைத் தங்களோடு சரிசமனாக வைக்காத காலம் அது. கரையோரத்துக் கரவா சமூகம், வியாபாரம், சாராயக் குத்தகை, போக்குவரத்து என்று ஏறி வந்தவர்கள். ஜெரோனிஸ் டி சொய்சா 1830களின் பின்பகுதியில் ஹங்குராங்கெத்தையில் கண்டி அரசர்களின் பழைய தோட்டத்தை வாங்கிக் கோப்பி போட்டார். பெரிய அளவில் கோப்பி போட்ட முதல் இலங்கையர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அரசன் உலாவின தோட்டத்தை மொறட்டுவை வியாபாரி ஏலத்தில் எடுத்தார் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பேச்சாக இருந்திருக்கும்!

சாராயக் குத்தகை என்றால் என்ன என்று இப்போது பலருக்குத் தெரியாது. ஒரு பகுதியில் சாராயம் விற்கிற உரிமையை அரசாங்கம் ஏலம் போடும், அதிகம் கேட்பவருக்கு ஒரு காலத்துக்குக் கிடைக்கும், அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு மிச்சம் குத்தகைக்காரருக்கு. தோட்டங்களில் கூலி கொடுக்கக் கொடுக்க தவறணைகளில், அதாவது சாராயக் கடைகளில், காசு விழும். இதை நான் சும்மா சொல்லவில்லை. மலையில் கோப்பி பறித்த கூலியின் ஒரு பங்கு தவறணை வழியாகக் கரையோரத்து முதலாளிகளிடம் திரும்பி வந்தது என்பது அந்தக் காலப் பொருளாதாரத்தின் அடிப்படை.

அந்தக் கூலி வாங்கியவர்கள் யார்? தமிழகத்திலிருந்து கங்காணிக்குப் பின்னால் வந்தவர்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே. ஐரோப்பியர் தோட்டம், உள்ளூர் முதலாளி தோட்டம் இரண்டும் அந்தக் கையால்தான் ஓடின. முதலீட்டுக்குக் காசு தேவைப்பட்டபோது கொழும்பு செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இருந்தார்கள். ஆக, வேலை செய்ததும் தமிழ், கடன் கொடுத்ததும் தமிழ், ஆனால் அல்பிரட் ஹவுஸ் பற்றி எழுதுகிற யாரும் தங்கத் தட்டைத் தாண்டி வரமாட்டார்கள். தங்கத் தட்டுக்கு வருகிறேன்.

ஜெரோனிஸின் மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா, பிறந்தது 1836. தகப்பன் 1862இல் இறந்தபின், தகப்பனின் சொத்தும் பிள்ளையில்லாத சித்தப்பாவின் சொத்தும் சேர்ந்து, நாட்டிலேயே பெரிய பணக்காரர் என்று பேர் எடுத்தவர். பகதெல் அவருடைய வீடாயிற்று.

1870

இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் இரண்டாவது மகன் அல்பிரட், எடின்பரோக் கோமகன், கலட்டியா என்ற கப்பலில் 1870இல் இலங்கைக்கு வந்தார். அரச குடும்பத்தில் இங்கே வந்த முதல் ஆள். அவருக்கு விருந்து வைக்கிற வாய்ப்பு டி சொய்சாவுக்குக் கிடைத்தது. வைத்தது பகதெலில். தங்கத் தட்டு, இரத்தினக்கல் பதித்த தங்கக் கத்தி முள்ளுக்கரண்டி என்று இன்றைக்கும் கொழும்பில் கதை சொல்வார்கள். அப்புறம் இளவரசரின் அனுமதியோடு வீட்டின் பெயரை அல்பிரட் ஹவுஸ் என்று மாற்றினார்கள்.

இந்த விருந்தைப் பகட்டு என்று ஒதுக்கிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலியார் பட்டம் பரம்பரையாக வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ இருக்க, மொறட்டுவைக்காரன் வீட்டில் ராணியின் மகன் சாப்பிடுகிறான். தங்கத் தட்டு இளவரசருக்குக் காட்டுவதற்காக வைத்ததா, இளவரசருக்குத் தங்கத்தில் என்ன புதுமை? அது ஊருக்குக் காட்ட வைத்தது. பெயர் மாற்றியதும் அதற்குத்தான். லயார்டின் பெயர் போய், அரச குடும்பத்துப் பெயர் வந்தது, ஆனால் வீட்டுக்காரன் டி சொய்சா.

ஆனால் பாருங்கள், அந்த விருந்துக்கு முந்திய வருடம், 1869இல், கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி மாதிரி ஒன்று இருப்பதைத் தோட்டக்காரர்கள் கவனித்திருந்தார்கள். இலைத்துரு நோய். பூஞ்சணம். காற்றோடு போகும், இலையை உதிரவைக்கும், மரம் சாகாது, ஆனால் காய்ப்பு குறைந்துகொண்டே போகும். விலை நன்றாக இருந்ததால் முதலில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, இன்னும் காடு வெட்டிக் கோப்பி போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் கையை விட்டுப் போயிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து நின்ற ஓரியன்டல் வங்கி 1884இல் கதவை மூடியது. தங்கத் தட்டில் விருந்து நடக்கிறபோதே மலையில் கணக்கு முடிய ஆரம்பித்துவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் உறைக்கும்.

கோப்பி விழுந்ததால் அல்பிரட் ஹவுஸ் விழுந்தது என்று முடித்துவிட்டால் கதை அழகாக இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிழை. கோப்பியை மட்டும் நம்பி இருந்த வெள்ளைக்காரத் துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். டி சொய்சாவிடம் தென்னை இருந்தது, கறுவா இருந்தது, கொழும்பில் கட்டடங்கள் இருந்தன. ஒரு கூடையில் எல்லா முட்டையையும் வைக்காத ஆள். நொடிந்த காலத்திலும் அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். மொறட்டுவையில் 1876இல் வேல்ஸ் இளவரசர் கல்லூரியும் பெண்களுக்கு வேல்ஸ் இளவரசி கல்லூரியும். 1879இல் கொழும்பில் பிரசவ விடுதி. கொழும்புத் தமிழர்களில் பாதிப்பேர் பிறந்த ‘சொய்சா ஆஸ்பத்திரி’ அதுதான், நானும் அங்கேதான் பிறந்தேன், அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த வாட்டு விசிறியைப் பற்றி முறைப்பாடு சொல்வார். பொரளைப் பக்கம் அல்பிரட் மாதிரிப் பண்ணை என்று ஒன்று போட்டார், இளவரசர் வந்த நினைவாக. விவசாயப் பரிசோதனை பெரிதாக எடுபடவில்லை. அந்த நிலம்தான் இன்றைக்கு களனிவெளி ரயில் குறுக்கே ஓடுகிற கோல்ப் மைதானம். மொடல் பார்ம் வீதி என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

அவர் இறந்தது 1890 செப்டெம்பரில். வயது ஐம்பத்து நான்கு. நாய் கடித்து நீர்வெறுப்பு நோய். நாட்டில் பெரிய பணக்காரர், நாய்க்கடிக்கு மருந்து இல்லை. பாஸ்டர் பாரிஸில் ஊசி கண்டுபிடித்தது 1885இல்தான், இங்கே வந்து சேரவில்லை. அந்த நூற்றாண்டு முடிகிற நேரத்தில் அவருடைய மகன் ஜே.டபிள்யூ.சி. டி சொய்சாவின் கொடையில் பொரளையில் நுண்ணுயிரியல் நிறுவனம் ஒன்று எழுந்தது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது.

அதே 1890இல்தான் தோமஸ் லிப்டன் கப்பலில் வந்து இறங்கி, கோப்பி செத்த தோட்டங்களை மலிவாக வாங்கித் தேயிலை வியாபாரத்தைத் தொடங்கினார். கொழும்பில் ஒரு சுற்றுவட்டத்தில் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சாவுக்குச் சிலை இருக்கிறது. சுற்றுவட்டத்தின் சரியான பெயரும் டி சொய்சா சுற்றுவட்டம்தான். ஆனால் பஸ்ஸில் ஏறி டி சொய்சா சுற்றுவட்டம் என்று கேட்டுப் பாருங்கள், கொண்டக்டர் முழிப்பார். லிப்டன் சுற்றுவட்டம் என்று சொன்னால்தான் டிக்கெட் கிழிப்பார்.

எப்படிக் கரைந்தது

சரி, வீட்டுக்கு வருவோம். ஆதாரங்களை அடுக்கிப் பார்க்கிறபோது எனக்குத் தெரிகிற காரணம் ரொம்பச் சாதாரணமானது: பிள்ளைகள். லயார்டுக்கு இருபத்தாறு என்றால் டி சொய்சாவுக்கும் குறைவில்லை, பெரிய குடும்பம். இங்கே உரோமன் டச்சுச் சட்டம். மூத்த மகனுக்கே எல்லாம் என்கிற இங்கிலாந்து வழக்கம் கிடையாது. இங்கிலாந்தில் பெரிய மாளிகைகள் நூற்றாண்டுக் கணக்கில் நின்றதற்கு அந்த ஒரு வழக்கம் பெரிய காரணம். இங்கே எல்லாருக்கும் பங்கு. அப்பாவின் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதைவிடத் தன் பங்கில் தன் மனைவி பெயரில் ஒரு மாளிகை கட்டுவது மகனுக்குப் பெருமை.

அதற்கு அத்தாட்சி இன்றைக்கும் நிற்கிறது. தர்ஸ்டன் வீதியில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கொலிஜ் ஹவுஸ் பார்த்திருப்பீர்கள். அது மகன் டி.எச்.ஏ. டி சொய்சா 1912இல் கட்டத் தொடங்கியது, மனைவி ரெஜினாவின் பெயரில் ரெஜினா வளவு. 1920இல் அரசாங்கம் வாங்கியது, 1921இல் அங்கே யூனிவர்சிட்டி கொலிஜ் தொடங்கியது. அதாவது மகனின் வீடு பிழைத்துக்கொண்டது. ஏன்? அரசாங்கம் வாங்கியதால், கந்தோராக மாறியதால். குடும்பத்தின் கையிலேயே இருந்த தகப்பன் வீடு பிழைக்கவில்லை. இதைப் பார்க்கிறபோது எனக்கு வோர்ட் பிளேஸ் நினைவு வரும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருந்த ‘சுகஸ்தான்’ அங்கேதான் இருந்தது. இன்றைக்கு சுகஸ்தான் கார்டன்ஸ் என்று ஒரு ஒழுங்கை. நம்ம ஆட்களின் வீட்டுக்கும் அதே விதிதான், மொறட்டுவைக்காரருக்கு மட்டும் நடந்ததில்லை.

இரண்டாவது காரணம் நிலத்தின் விலை. 1822இல் கொள்ளுப்பிட்டி கோட்டையிலிருந்து வண்டி கட்டிப் போகிற தோட்டப் புறம். தேங்காய்க்கும் கறுவாவுக்கும்தான் மதிப்பு. நூறு வருடம் கழித்து அது நகரத்துக்குள். ஒரு தென்னை நிற்கிற இடத்தில் ஒரு பங்களா நிறுத்தலாம் என்று ஆனபிறகு, தென்னை நிற்காது. சர்வேயர் சங்கிலி இழுத்தார், பிளான் கீறினார், வீதிகள் வந்தன. வீதிக்குப் பெயர் வேண்டுமே, குடும்பத்து மனிதர்களையும் வீட்டையும் அப்படியே ஒட்டவைத்தார்கள்: பகதலே வீதி, அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், அல்பிரட் ஹவுஸ் அவெனியு, சார்ல்ஸ் சேர்க்கஸ். லயார்ட் வைத்த பெயரில் ஒரு வீதி, இளவரசர் பெயரில் சில, வீட்டுக்காரரின் பெயரில் ஒன்று. சொத்து வரலாற்றை உறுதியில் தேடவேண்டியதில்லை, பெயர்ப்பலகைகளை வரிசையாக வாசித்தாலே போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது இன்னொரு வெட்டு. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடியதை 50 ஏக்கர் என்று மட்டுப்படுத்தியது, வயல் என்றால் 25. 1973இல் வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. தோட்ட வருமானத்தில் நகரத்து மாளிகை நடத்துகிற ஏற்பாடே அதோடு முடிந்தது. அல்பிரட் ஹவுஸ் வளவு அதற்கு வெகு முன்பே துண்டாகிவிட்டதால் சட்டத்தைக் குற்றம் சொல்லமுடியாது. மற்றக் குடும்பங்கள் சட்டத்தைத் திட்டுவார்கள். இந்தக் குடும்பம் திட்டுவதென்றால் தங்களைத்தான் திட்டவேண்டும், அதுவும் நியாயமில்லை, பங்கு கேட்பது பிழையா?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பகதலே வீதி 33ஆம் ஒழுங்கையில் 1958 அளவில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா ஒரு சின்ன வீட்டை எடுத்தார். நாலு சிறு பங்களாக்கள் வரிசையாக இருந்த ஒழுங்கை. பிறகு ஒன்றொன்றாக நாலையும் எடுத்து, சுவரை உடைத்து, முற்றம் திறந்து, ஒரே வீடாகத் தைத்துவிட்டார். சர்வேயரின் சங்கிலி பிரித்ததை ஒரு கட்டடக்கலைஞர் திரும்பச் சேர்த்த ஒரே சம்பவம் அந்த வளவில் இதுதான் என்று நினைக்கிறேன். இலக்கம் 11. இன்றைக்கும் முன்கூட்டிச் சொல்லிப் போய்ப் பார்க்கலாம். அல்பிரட் ஹவுஸ் வீதியில் அவருடைய பழைய அலுவலகம் இப்போது ஒரு கபே. கோப்பி விலை கேட்டால் ஜெரோனிஸே எழுந்து வருவார்.

போன மாதம் மச்சான் திரும்ப அழைத்தார், வேறு காணி ஒன்று இருக்காம், அதே பகுதி. ஒரு பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஓட்டோ தம்பியிடம் அல்பிரட் ஹவுஸ் என்றேன். “எந்த அல்பிரட் ஹவுஸ் அண்ணா? கார்டன்ஸா, அவெனியுவா, வீதியா?” என்று கேட்டார். வீடு என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “வீடு என்றால் நம்பர் சொல்லுங்கோ.”